ஹூலியோ சீசர் சாவேஸ்: அந்த ரெண்டு வினாடி நியாயமா?

புதுவரவு_77 எழுதியது:

மெக்ஸிகோ பாக்ஸர் சாவேஸ் – அமெரிக்காவோட மெல்ட்ரிக் டெய்லர் சண்டையை இப்பதான் முதல் ரவுண்டுல இருந்து கடைசி வரை விடாம பார்த்தேன். 1990 மார்ச் 17, லாஸ் வேகாஸ் ஹில்டன். பன்னிரண்டாவது ரவுண்டு முடிய 2 வினாடி இருக்கு. டெய்லர் கீழ விழுந்து எழுந்துட்டார், நிக்கிறார், பாயிண்ட்ல முன்னாடியும் இருக்கார். ரெஃப்ரி ரிச்சர்ட் ஸ்டீல் கையை வீசி சண்டையை நிறுத்திட்டார். சாவேஸ் ஜெயிச்சாச்சாம்! மூச்சு இழுத்து விடுற நேரம் கொடுத்திருந்தா டெய்லர்தான் சாம்பியன். இதை எப்படி சாவேஸோட பெரிய வெற்றின்னு கொண்டாடுறாங்க?

இன்னொரு சந்தேகமும் இருக்கு. 89 சண்டை தொடர்ச்சியா ஜெயிச்சார்னு பல இடத்துல எழுதியிருக்கு. நிஜமா, இல்ல மெக்ஸிகோவுல ஊர் பேர் தெரியாத ஆளுங்களை அடிச்சு ஏத்தின கணக்கா? விவரம் தெரிஞ்ச அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்க.

மணியடிச்சாச்சு எழுதியது:

வந்துட்டாருய்யா! வருஷத்துக்கு ஒருத்தர் இந்த இழையை ஆரம்பிக்கலைன்னா இந்தக் குழுமத்துக்கே சோறு இறங்காது. டீ போட்டுட்டு வர்றேன், அதுக்குள்ள யாரும் முடிவுக்கு வந்துடாதீங்க.

ஸ்கோர்_நோட்டு எழுதியது:

முதல்ல கணக்கு. ஒவ்வொரு ரவுண்டுலயும் ஜெயிச்சவருக்கு 10, தோத்தவருக்கு 9, கீழ விழுந்தா 8ன்னு ஜட்ஜ் பாயிண்ட் போடுவாங்க. பதினோரு ரவுண்டு முடிஞ்சப்ப ஒரு ஜட்ஜ் 108-101, இன்னொருத்தர் 107-102. ரெண்டும் டெய்லருக்கு. மூணாவது ஜட்ஜ் மட்டும் 105-104னு சாவேஸுக்குக் கொடுத்திருந்தார் (அவர் எந்தச் சண்டையைப் பார்த்தாரோ!). கடைசி ரவுண்டுல டெய்லர் விழுந்ததால அந்த ரவுண்டு 10-8 சாவேஸுக்குன்னு வெச்சுக்கங்க. கூட்டினா 116-111, 115-112. விழுந்தும்கூட டெய்லர்தான் ஜெயிக்கிறார்.

எண்ணி முடிக்கிற வரைக்கும் சாவேஸ் எதிர் மூலையில நிக்கணும். 2 வினாடியில அவர் அங்கிருந்து நடந்து வந்து கையை ஓங்கக்கூட நேரம் கிடையாது. ரிங் கம்பத்துல கடைசி 10 வினாடிக்கான சிவப்பு விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்தது. ஆபத்தே இல்லாத நேரத்துல ஆபத்துன்னு சொல்லி நிறுத்தினதுதான் என் குறை.

89 பத்தி: தொடர்ச்சியா ஜெயிச்சது 87. அப்புறம் 1993 செப்டம்பர்ல ஒரு டிரா. அப்புறம் ரெண்டு வெற்றி. ஆக 89 வெற்றி, 1 டிரா, தோல்வி இல்லை. முதல் தோல்வி 91வது சண்டையில. "89 தொடர் வெற்றி"ன்னு எழுதுறவங்க அந்த டிராவை விழுங்கிடறாங்க. அந்த டிராவே டிராவான்னு வேற கேள்வி இருக்கு, அதுக்கு ஒருத்தர் வருவார் பாருங்க.

கார்னர்_ஸ்டூல் எழுதியது:

தம்பி புதுவரவு, 2 வினாடியை மட்டும் தனியே வெட்டி எடுத்துப் பார்த்தால் டெய்லருக்கு அநியாயம் நடந்தது போலத்தான் தெரியும். அதற்கு முந்தைய 35 நிமிடத்தைத் திரும்பப் பாருங்கள்.

டெய்லர் சாதாரண ஆள் இல்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம். பிலடெல்பியாக்காரர். தோல்வியே காணாத ஐபிஎஃப் சாம்பியன் (ஐபிஎஃப், டபிள்யூபிஏ, டபிள்யூபிசி எல்லாம் தனித்தனியாகப் பட்டம் கொடுக்கும் சங்கங்கள்). கை வேகத்தில் அந்த எடைப் பிரிவில் அவருக்கு இணை யாரும் கிடையாது. நாலு, ஐந்து குத்து சேர்த்து அடிப்பார், சாவேஸ் பதிலுக்கு ஒன்று அடிப்பார். ஜட்ஜுக்கு எண்ணிக்கை தெரியும், எடை தெரியாது. அந்த ஒன்று விலாவிலோ கன்ன எலும்பிலோ போய் உட்காரும். எட்டாவது ரவுண்டுக்குப் பிறகு டெய்லரின் முகத்தைப் பாருங்கள். கண் வீங்கி மூடுகிறது, வாயில் ரத்தம். ரவுண்டுகளை ஜெயித்துக்கொண்டே உடம்பைத் தோற்றுக்கொண்டிருந்தார்.

என் கோபம் ஸ்டீல் மேல் இல்லை, டெய்லரின் கார்னர், அதாவது மூலையில் நிற்கும் பயிற்சியாளர் குழு, மேல்தான். பன்னிரண்டாவது ரவுண்டுக்கு முன் அந்தக் குழுவின் லூ டுவா அவரிடம் "இந்த ரவுண்டு நமக்கு வேண்டும்" என்கிற மாதிரி சொல்லி அனுப்பினார். வேண்டவே வேண்டாம்! மூன்று நிமிடம் பின்னால் ஓடியிருந்தால் போதும். டெய்லரோ போய் நின்று அடித்தார். ஒருமுறை குத்து தவறித் தானே தரையில் விழுந்தார், அவ்வளவு களைப்பு. கடைசி அரை நிமிடத்தில் சாவேஸின் வலது கை இறங்கியது.

எழுந்தபின் ஸ்டீல் இரண்டு முறை கேட்டார். டெய்லர் பதில் சொல்லவில்லை, தலையைத் திருப்பி மேடை விளிம்பில் ஏறி நின்ற டுவாவைப் பார்த்தார். ஸ்டீல் நிறுத்தினார். கடிகாரம் பார்ப்பது தன் வேலையில்லை, அந்த மனிதன் வாங்கியது போதும் என்பதுதான் அவர் பின்னால் கொடுத்த விளக்கம். ஏற்றுக்கொள்ள முடியாவிட்டால் போகட்டும், ஆனால் அதில் திருட்டுத்தனம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஸ்கோர்_நோட்டு எழுதியது:

திருட்டுன்னு நான் சொல்லவே இல்லையே சார். தப்பான முடிவுன்னுதான் சொல்றேன். கார்னர் முட்டாள்தனம் பண்ணினதுக்கு டெய்லரோட பெல்ட்டை, அதான் சாம்பியன் பட்டத்தை, பறிக்க முடியுமா?

மணியடிச்சாச்சு எழுதியது:

டீ ஆறிப்போச்சு. ஒரு கேள்வி: அந்த டுவா கீழயே இருந்திருந்தா டெய்லர் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டாரு, ஸ்டீலுக்கு "ஓகே"ன்னு சொல்லியிருப்பாரு, மணியும் அடிச்சிருக்கும். அப்ப நாம எல்லாரும் இத்தனை வருஷமா திட்ட வேண்டியது யாரை?

வெள்ளைக்கோட்டு எழுதியது:

சண்டைக்குப் பிறகு டெய்லரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முகத்தில் எலும்பு முறிவு. நிறைய ரத்தத்தை விழுங்கியிருந்தார். ஒரு ரவுண்டில் ஒரே அடியில் வருவது இல்லை இது, மெல்ல மெல்லச் சேர்வது. 1991 ஜனவரியில் அவர் ஆரன் டேவிஸைத் தோற்கடித்து டபிள்யூபிஏ வெல்டர்வெயிட் (147 பவுண்டு வரையிலான எடைப் பிரிவு) பட்டம் வாங்கினார், அதனால் "அன்றோடு முடிந்துபோனார்" என்பது மிகைதான். ஆனால் பழைய வேகம் திரும்பவில்லை. 1992ல் டெர்ரி நாரிஸ் நாலே ரவுண்டில் முடித்துவிட்டார். அதன்பிறகும் 2002 வரை சண்டை போட்டார். பின்னாளில் அவர் பேசும் காணொளிகளைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும், பேச்சு குழறுகிறது.

சாவேஸ் கல்லீரலைக் குறிவைத்த விதம் பற்றி யாரும் எழுதவில்லையே என்று இதையும் சேர்க்கிறேன். கல்லீரல் உடம்பின் வலப்பக்கம், விலா எலும்பின் கீழ்விளிம்பில் பாதி மறைந்து இருக்கிறது. எதிரில் நிற்பவரின் இடது கைக்கு அது நேர் வழி. சரியாகப் பட்டால் முதலில் எதுவும் தெரியாது. ஒரு நொடி கழித்துத்தான் வலி வரும், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், கால் மடங்கும். தாடையில் வாங்கினால் நினைவு போகும். இதில் நினைவு முழுசாக இருக்கும், எழுந்திரு என்று மூளை சொல்லும், உடம்பு கேட்காது. அதனால்தான் சாவேஸிடம் விழுந்தவர்களில் பலர் கண்ணைத் திறந்தபடியே மண்டியிட்டுக் கிடப்பார்கள்.

புதுவரவு_77 எழுதியது:

டாக்டர், இதைப் படிச்சதும் விலாவைத் தடவிப் பார்த்துக்கிட்டேன். நன்றி. கார்னர் அண்ணா, இந்த ஆள் எங்கிருந்து வந்தார்? ஆரம்பக் கதை கொஞ்சம் சொல்லுங்க.

கார்னர்_ஸ்டூல் எழுதியது:

பிறந்தது 1962 ஜூலை 12, சொனோரா மாநிலத்தின் சியுதாத் ஒப்ரெகோன். வளர்ந்தது சினலோவாவின் குலியாகான். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. குடும்பம் குடியிருந்தது கைவிடப்பட்ட ஒரு ரயில் பெட்டியில். பத்துப் பிள்ளைகள். அம்மா ஊரார் துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்துப் பிழைத்தார். அம்மாவுக்கு ஒரு வீடு வாங்கித் தரவேண்டும் என்றுதான் கையுறை மாட்டினேன் என்று சாவேஸ் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மெக்ஸிகோவில் பாதி பாக்ஸர்களின் கதை இதுதான், வீடு வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்.

1980 பிப்ரவரியில், 17 வயதில், தொழில்முறைச் சண்டைக்கு வந்தார். குலியாகான், டிஹுவானா என்று வடமேற்கு ஊர்களிலேயே வருடத்துக்குப் பத்து, பதினைந்து சண்டை. இன்றைக்கு வருடத்துக்கு இரண்டு சண்டை போடும் சாம்பியன்களைப் பார்ப்பவர்களுக்கு அந்த எண்ணிக்கை பொய் போலத் தோன்றும். அங்கே அப்போது அதுதான் வழக்கம். சண்டை போட்டால்தான் சாப்பாடு.

முதல் பட்டம் 1984 செப்டம்பர் 13, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் ஆடிட்டோரியம். காலியாக இருந்த டபிள்யூபிசி சூப்பர் ஃபெதர்வெயிட் (130 பவுண்டு) பட்டத்துக்கு மரியோ மார்ட்டினஸ் என்ற இன்னொரு மெக்ஸிகோக்காரரோடு மோதல், எட்டாவது ரவுண்டில் முடித்தார். இரண்டு வருடம் முன்புதான், 1982 ஆகஸ்டில், மெக்ஸிகோவின் சாம்பியன் சல்வடோர் சான்செஸ் 23 வயதில் கார் விபத்தில் இறந்திருந்தார். நாடே ஒரு புது ஆளைத் தேடிக்கொண்டிருந்த நேரம் அது.

ஸ்கோர்_நோட்டு எழுதியது:

சார் நைசா ஒண்ணை விட்டுட்டார் பாருங்க. 1981 மார்ச், குலியாகான், மிகுவேல் ரூயிஸ். முதல் ரவுண்டு முடியுற மணியோட மணியா சாவேஸ் அடிச்ச குத்துல ரூயிஸ் விழுந்தார். ரெஃப்ரி சாவேஸை டிஸ்குவாலிஃபை பண்ணிட்டார். தோல்வி! ஆனா உள்ளூர் கமிஷன் உடனே அந்த முடிவை மாத்தி சாவேஸுக்கு நாக்அவுட் வெற்றின்னு எழுதிடுச்சு. அந்த கமிஷன்ல இருந்தவர் யார் தெரியுமா? சாவேஸோட மேனேஜர் ராமோன் ஃபெலிக்ஸ். ஆக அந்த "தோல்வியே இல்லை" கணக்கு 1981லயே ஒரு ஆபீஸ் மேஜையில காப்பாத்தப்பட்ட கணக்கு.

மணியடிச்சாச்சு எழுதியது:

அக்கா ஆதாரத்தோட வந்துருக்காங்க. சார் பக்கம் எட்டு எண்ண ஆரம்பிக்கலாமா?

கார்னர்_ஸ்டூல் எழுதியது:

எண்ணுங்கள், எழுந்துவிட்டேன். ரூயிஸ் விஷயம் உண்மைதான். ஆரம்பகால எதிராளிகளில் பலர் ஒன்றுமில்லாதவர்கள் என்பதும் உண்மைதான். பட்டச் சண்டைகளுக்கு நடுவில் டைட்டில் இல்லாத சாதாரணச் சண்டைகளும் நிறையப் போட்டார். அந்த எண்ணிக்கையை வைத்து சாவேஸை அளப்பவர்கள் அவருக்குத்தான் துரோகம் செய்கிறார்கள். 87ஓ 89ஓ, தூக்கிப் போடுங்கள். பெயர்களை மட்டும் பாருங்கள்.

1985 ஜூலையில் ரோஜர் மேவெதர், இரண்டாவது ரவுண்டிலேயே நாக்அவுட். பிரபல பாக்ஸர் ஃப்ளாய்ட் மேவெதரின் சித்தப்பா, பின்னால் அவரது பயிற்சியாளர். 1986ல் மொண்டே கார்லோவில் ராக்கி லாக்ரிட்ஜ், அது நெருக்கமான சண்டை. அதே வருடம் டிசம்பரில் ஹுவான் லாபோர்ட். 1987ல் எட்வின் ரொசாரியோ. 1988ல் ஹோசே லூயிஸ் ராமிரெஸ், சாவேஸின் நண்பர், தலைகள் மோதி வெட்டு விழுந்ததால் பதினோராவது ரவுண்டோடு ஸ்கோர் பார்த்து முடிவு சொன்னார்கள். 1989 மே மாதம் மீண்டும் மேவெதர், பத்தாவது ரவுண்டுக்குப் பின் ஸ்டூலை விட்டு எழவில்லை. அது மூன்றாவது எடைப் பிரிவு. 1990ல் டெய்லர். 1992ல் ஹெக்டர் கமாச்சோ. ஒரு ரூயிஸை எடுத்துவிட்டால் இதில் எது குறைகிறது?

இதில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் ரொசாரியோவைப் பாருங்கள். 1987 நவம்பர் 21, லாஸ் வேகாஸ். சாவேஸ் லைட்வெயிட்டுக்கு (135 பவுண்டு) ஏறி வந்து டபிள்யூபிஏ சாம்பியனைச் சந்திக்கிறார். ரொசாரியோ புவர்ட்டோ ரிக்கோக்காரர், அடி பலமானவர், அதுவரை சாவேஸ் சந்தித்ததிலேயே அபாயமான கை. எல்லோரும் சாவேஸ் எட்ட நின்று ஆடுவார் என்று நினைத்தார்கள். அவரோ நெஞ்சோடு நெஞ்சாகப் போய் நின்றுகொண்டார். தலையை ஒரு சாண் அசைத்து வரும் குத்தை விட்டுவிட்டு, விலா, தலை, மறுபடி விலா. ரொசாரியோவின் ஒரு கண் மூடியேபோனது. பதினோராவது ரவுண்டில் நிறுத்தினார்கள். முன்னோக்கி நடந்து போய் அடிப்பவர்கள் தற்காப்பு தெரியாதவர்கள் என்று நினைப்பவர்கள் அந்தச் சண்டையைப் பார்க்கவேண்டும். கால் வைக்கும் இடம் பாருங்கள், ஒரு அடிகூட வீணாக எடுத்து வைப்பதில்லை. ரிங்கின் பாதியை மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டு வருவார். ஆட்டை மூலையில் மடக்கும் கீதாரி மாதிரி, அவசரமே இருக்காது.

ரொசாரியோ தரப்பு சாவேஸின் படத்தை ஐஸ் தண்ணீரில் போட்டு சூனியம் வைத்தது என்றும், அதைக் கழிக்கத்தான் அவர் தலையில் சிவப்பு நாடா கட்ட ஆரம்பித்தார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நாடா அவர் அடையாளமே ஆகிப்போனது.

புதுவரவு_77 எழுதியது:

அந்த மைதானம் நிறைய கூட்டம் வந்த சண்டை எது? ஒரு படம் பார்த்தேன், கண்ணுக்கு எட்டுற வரைக்கும் தலை.

மணியடிச்சாச்சு எழுதியது:

இது என் ஏரியா, யாரும் குறுக்க வராதீங்க.

1993 பிப்ரவரி 20, மெக்ஸிகோ சிட்டி, எஸ்டாடியோ அஸ்டெகா. எதிராளி அமெரிக்காவோட கிரெக் ஹாகன். இந்த ஹாகனுக்கு வாய் சும்மா இருக்காது. சாவேஸ் இதுவரைக்கும் அடிச்சதெல்லாம் டிஹுவானா டாக்ஸி டிரைவருங்கதான், எங்கம்மாவே அவங்களை அடிச்சிருப்பாங்கன்னுட்டாரு. அதோட நிக்காம, டிக்கெட் வாங்கிப் பார்க்கிற அளவுக்கு அத்தனை மெக்ஸிகோக்காரங்க கையில காசு ஏதுன்னும் கேட்டாரு. வந்து இறங்கின கூட்டம் 1 லட்சத்து 32 ஆயிரத்துக்கும் மேல. பணம் கட்டி பாக்ஸிங் பார்க்க வந்த கூட்டத்துல கின்னஸ் சாதனை. சாவேஸ் மொத ரவுண்டுலயே கீழ தள்ளினாரு. ஆனா சீக்கிரம் முடிக்கல, வேணும்னே இழுத்து இழுத்து அடிச்சு அஞ்சாவது ரவுண்டுலதான் ஆளை விட்டாரு. முடிஞ்சதும் ஹாகன் சொன்னது என்னன்னா, அந்த டாக்ஸி டிரைவருங்க ரொம்ப முரட்டு ஆளுங்களா இருந்திருக்கணும்னு. தோத்தாலும் மனுஷன் நகைச்சுவை உணர்வை விடல பாருங்க, அதுக்காகவே எனக்கு ஹாகனைப் பிடிக்கும்.

அதுக்கு மொத வருஷம், 1992 செப்டம்பர்ல கமாச்சோவை ஜெயிச்சுட்டு ஊர் திரும்பினப்ப ஏர்போர்ட்டுக்கு ஜனாதிபதி சலினாஸ் ஒரு விசேஷ காரை அனுப்பினாரு. ரயில் பெட்டியில குடியிருந்த பையன்!

பனங்காய் எழுதியது:

எல்லாரும் அஸ்ரெக்கா, ரெய்லர் எண்டு கதைச்சுக்கொண்டு மெதுவா சான் அன்ரோனியோவைத் தாண்டப் பாக்கிறியள். விடமாட்டன்.

1993 செப்ரெம்பர் 10, அலமோடோம். கிட்டத்தட்ட 60 ஆயிரம் சனம், முக்கால்வாசி சாவேஸின்ர ஆக்கள். எதிரில பெர்னல் விற்றேக்கர், இவரும் 1984 ஒலிம்பிக் தங்கம், இடதுகைக்காரர், அந்தக் காலத்தில அவரை மாதிரித் தற்காக்கத் தெரிஞ்ச ஆள் இல்லை. நான் அந்தச் சண்டையை முழுசாப் பாத்தனான். சாவேஸுக்கு விற்றேக்கரைப் பிடிக்கவே ஏலாமல் போச்சுது. ஜாப் (முன்கையால நேரா விடுற குத்து), ஜாப், பிறகு நெஞ்சுக்குள்ள புகுந்து விலாவில குத்து. சாவேஸின்ர சொந்த விளையாட்டிலயே, கிட்ட நிண்டு விலாவில அடிக்கிற விளையாட்டில, விற்றேக்கர் அவரை வெண்டவர். பிறகு ஸ்கோர் வாசிச்சினம்: ஒரு ஆள் 115-113 விற்றேக்கருக்கு, மற்ற ரெண்டு பேரும் 115-115. டிரோவாம்! அடுத்த கிழமை அமெரிக்காவின்ர பெரிய விளையாட்டுச் சஞ்சிகை ஒண்டு தன்ர அட்டையில கொள்ளை எண்டே போட்டது.

இதில இன்னுமொரு கொடுமை. 1988இல விற்றேக்கர் பிரான்சில ராமிரெஸிட்டத் தோத்தவர், அதுவும் டபிள்யூபிசி பட்டத்துக்கு, அதையும் அநியாயத் தீர்ப்பு எண்டுதான் இண்டைக்கும் சொல்லுகினம். அதே ராமிரெஸைத்தான் அதே வருசம் சாவேஸ் வெண்டு பெல்ற்றை எடுத்தவர். அப்ப கார்னர் அண்ணை, உங்கட பட்டியலில உள்ள ராமிரெஸின்ர பெல்ற் முதலில ஆருக்குச் சேரவேணும்?

கார்னர்_ஸ்டூல் எழுதியது:

பனங்காய் வந்துவிட்டார், இனி இழை நூறு பக்கம். அலமோடோமில் விட்டக்கர்தான் ஜெயித்தார், இதில் எனக்கு மறுப்பு இல்லை. ரவுண்டுக் கணக்கில் 7-5 என்று கொடுப்பேன். நீங்கள் 9-3 என்பீர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அது வெல்டர்வெயிட் பட்டத்துக்கான சண்டை, சாவேஸின் உடம்புக்கு இயல்பானதைவிட ஒரு பிரிவு மேலே. 130 பவுண்டில் தொடங்கிய மனிதர். அங்கே அவர் அடி விட்டக்கரை நிறுத்தவில்லை.

பனங்காய் எழுதியது:

விற்றேக்கரும் 135இல இருந்துதானே மேல போனவர்? ரெண்டு பேருக்கும் ஒரே ஏணி. நிறுத்தேல்லை எண்டுறதுக்குக் காரணம் எடை இல்லை, அடி படேல்லை.

ஸ்கோர்_நோட்டு எழுதியது:

நான் 8-4 விட்டக்கர். இந்த விஷயத்துல பனங்காய் பக்கம்தான்.

டபிள்யூபிசி தலைமையகமே மெக்ஸிகோ சிட்டியில, அப்ப தலைவரா இருந்த ஹோசே சுலைமானும் மெக்ஸிகோக்காரர். ஜட்ஜுகளை யாரும் விலைக்கு வாங்கினாங்கன்னு நான் சொல்லல, அதுக்கு ஆதாரமும் கிடையாது. ஆனா 60 ஆயிரம் பேர் ஒரு ஆள் காத்துல அடிச்சாலும் கத்தினா, பக்கத்துல உக்கார்ந்திருக்கிற ஜட்ஜ் காதுல அது குத்து மாதிரி விழும்.

நெறியாளர் எழுதியது:

ஜட்ஜுகள், சங்கங்கள் பற்றி ஆதாரமில்லாத குற்றச்சாட்டுகள் வேண்டாம். இதுவரை சரியாகத்தான் போகிறது, இப்படியே தொடரட்டும்.

வெள்ளைக்கோட்டு எழுதியது:

முதல் தோல்வியையும் பேசிவிடலாம், ஏனென்றால் அதில் ரிச்சர்ட் ஸ்டீல் திரும்ப வருகிறார். 1994 ஜனவரி 29, எம்ஜிஎம் கிராண்ட், ஃபிராங்கி ராண்டல். இடுப்புக்குக் கீழே அடித்ததற்காக ஸ்டீல் சாவேஸிடம் இரண்டு முறை ஒவ்வொரு பாயிண்ட் கழித்தார். பதினோராவது ரவுண்டில் ராண்டல் அவரைக் கீழே தள்ளினார், வாழ்க்கையிலேயே முதல் தடவை. தீர்ப்பு பிளவு: ஒருவர் சாவேஸுக்கு, இருவர் ராண்டலுக்கு. அந்த இருவரில் ஒருவரின் ஸ்கோர் அட்டை 114-113 தான். கழித்த இரண்டு பாயிண்ட்டைத் திருப்பிப் போட்டால் அந்த அட்டை சாவேஸுக்குப் போயிருக்கும், சண்டையும் போயிருக்கும். சாவேஸ் நேராக ஸ்டீலைக் குற்றம் சொன்னார். டெய்லர் சண்டையை நிறுத்திய அதே ஸ்டீலை!

மணியடிச்சாச்சு எழுதியது:

ரெண்டு வினாடி குடுத்த மனுஷன் ரெண்டு பாயிண்ட் எடுத்துட்டாரு. கணக்கு நேரா போச்சு, இழையைப் பூட்டுங்கப்பா.

ஸ்கோர்_நோட்டு எழுதியது:

நேரா போகலை. மே மாசம் ராண்டலோட மறுபடி சண்டை. எட்டாவது ரவுண்டுல தலையும் தலையும் மோதி சாவேஸுக்கு வெட்டு. தொடர முடியாதுன்னுட்டார். மோதினதுக்கு ராண்டலுக்கு ஒரு பாயிண்ட் கழிச்சு, அதுவரைக்குமான ஸ்கோரைக் கூட்டி சாவேஸ் ஜெயிச்சதா அறிவிச்சாங்க. ரொசாரியோ சண்டையில இருந்த சாவேஸ் ஒரு வெட்டுக்காக நின்னிருப்பாரா? அந்த வருஷத்துல இருந்து வேற ஆளாத்தான் தெரியுறார். செப்டம்பர்ல டெய்லரை மறுபடி சந்திச்சு எட்டாவது ரவுண்டுல நிறுத்தினார். ஆனா அது பழைய டெய்லரும் இல்லை, பழைய சாவேஸும் இல்லை.

கார்னர்_ஸ்டூல் எழுதியது:

இதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் காரணமும் அவரே சொன்னதுதான். உச்சத்தில் இருந்தபோதே மது, பிறகு கோக்கேன். சண்டைக்கு முந்திய வாரங்களில் மட்டும் உடம்பைப் பிடித்து நிறுத்துவது, முடிந்ததும் மறுபடி இறங்குவது. ஓட்டோமி மலையில் 3,000 மீட்டருக்கு மேல் ஏறிப் பயிற்சி எடுத்தவர்தான் அந்த மலையில் சேர்த்த மூச்சைக் கீழே வந்து தொலைத்தார்.

1996 ஜூன் 7, சீசர்ஸ் பேலஸ், ஆஸ்கர் டி லா ஹோயா. சாவேஸுக்கு 33, அவருக்கு 23. முதல் ரவுண்டிலேயே இடது கண்ணுக்கு மேல் வெட்டு. பயிற்சியில் பட்ட காயம் திறந்துகொண்டது என்று சாவேஸ் சொன்னார். நாலாவது ரவுண்டில் ரத்தம் நிற்காமல் நிறுத்தினார்கள். 1998ல் மறுபடி மோதியபோது நன்றாகவே ஆடினார், எட்டாவது ரவுண்டுக்குப் பிறகு ஸ்டூலில் இருந்து எழவில்லை.

டி லா ஹோயா கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் மெக்ஸிகோப் பெற்றோருக்குப் பிறந்தவர், சின்ன வயதில் சாவேஸோடு பயிற்சிச் சண்டை போட்டு அவரிடம் விழுந்ததை அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த இரண்டு சண்டையிலும் மெக்ஸிகோக்காரர்கள் கத்தியது சாவேஸுக்குத்தான். ஜெயித்தும் அந்தப் பையனை அவர்கள் ரொம்ப நாள் தங்கள் ஆளாக ஏற்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்தவன், அழகன், ஆங்கிலம் பேசுபவன் என்ற மனத்தாங்கல்.

அதற்குப் பின்னால் வந்தவற்றைப் பார்க்காதீர்கள். 1999ல் வில்லி வைஸ், 2000ல் கோஸ்ட்யா சூ, இருவரிடமும் தோல்வி. 2005 செப்டம்பரில் ஃபீனிக்ஸில் குரோவர் வைலியிடம் கை வலியால் பாதியில் விட்டதோடு முடிந்தது. 115 சண்டை, 107 வெற்றி, 6 தோல்வி, 2 டிரா. 2011ல் அமெரிக்காவின் கனஸ்டோட்டாவில் உள்ள பாக்ஸிங் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது கூடவே சேர்க்கப்பட்டவர்கள் மைக் டைசனும் அதே கோஸ்ட்யா சூவும்.

பனங்காய் எழுதியது:

போதையில இருந்து மீண்டு, பிறகு திஹுவானாவில தானே மறுவாழ்வு நிலையம் நடத்துறவர் எண்டதையும் எழுதுங்கோ அண்ணை. "பாஹா டெல் சோல்" எண்டு பேர். அதில அவருக்கு நான் முழு மதிப்பெண் குடுப்பன். விற்றேக்கருக்கும் அதே பிரச்சினைதான் இருந்தது. 2019 ஜூலையில றோட்டைக் கடக்கேக்க கார் அடிச்சுச் செத்துப்போனார். ரொசாரியோ 1997இல 34 வயசில போனவர். கமாச்சோவை 2012இல சுட்டுக் கொலை செய்தவை. ரோஜர் மேவெதர் 2020இல. சாவேஸோட நிண்டு அடிபட்ட ஆக்களில எத்தினை பேர் இல்லை எண்டு பாருங்கோ.

வெள்ளைக்கோட்டு எழுதியது:

2021ல் குவாதலஹாராவில் கமாச்சோவின் மகனோடு சாவேஸ் ஒரு கண்காட்சிச் சண்டை போட்டார், 58 வயதில். ஒரு மருத்துவராக எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் அந்த இடது கை இறங்கும் கோணம் மாறவே இல்லை என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

புதுவரவு_77 எழுதியது:

ரொசாரியோ சண்டையைப் பார்த்தேன் கார்னர் அண்ணா. நீங்க சொன்ன கால் விஷயம் மூணாவது ரவுண்டுக்கு அப்புறம்தான் கண்ணுக்குப் பிடிபட்டுது. அதோட மறுபடி டெய்லரைப் போட்டுப் பார்த்தேன். இப்ப என் நிலை இதுதான்: ஸ்டீல் நிறுத்தியிருக்கக் கூடாது, ஆனா சாவேஸ் அதிர்ஷ்டத்துல ஜெயிக்கல. அக்காவும் சரி, அண்ணாவும் சரின்னு சொன்னா தப்பிச்சுக்கிறேன்னு திட்டுவீங்களா?

அப்புறம் அந்த சல்வடோர் சான்செஸ், அவர்தான் சாவேஸைவிட உசத்தின்னு ஒரு இடத்துல படிச்சேனே?

மணியடிச்சாச்சு எழுதியது:

ஐயோ தம்பி, அதைக் கேட்டுட்டியா.

நெறியாளர் எழுதியது:

சான்செஸுக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே சாவேஸ் மட்டும்.

பனங்காய் எழுதியது:

தனி இழை துவங்குங்கோ, வாறன். அதுக்கு முதல் கார்னர் அண்ணை அந்த 7-5ஐ றவுண்ட் றவுண்டா எழுதிப் போடட்டும். நாலாவதை ஆருக்குக் குடுத்தவர் எண்டு எனக்குத் தெரியவேணும்.